வேண்டுதல் இல்லாத சுற்று

போன வாரம் ஆடிச்சுற்றில் எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. கணக்கில் எம்.எஸ்சி. படிக்கிறவளுக்கு! சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால், வேண்டிக்கொண்டவர்கள் கோயிலை நூற்றியொரு சுற்று சுற்றுவார்கள். இந்த முறை வேண்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்காகத்தான். ஆபீஸுக்குப் போய்க்கொண்டே அஞ்சல்வழியில் படிக்கிறேன் அல்லவா... பாஸாகி பிரமோஷன் கிடைக்க வேண்டுமாம். 'இந்த வயசில் படிப்பு எதற்கு' என்று வீட்டில் முணுமுணுத்தவர்களிடம் பிரமோஷனைச் சொல்லி வாயை அடைத்ததும் இதே மதினிதான்.

எண்ணுகிற பொறுப்பு என்னுடையது. நானோ நடந்தபடியே, ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்களுக்குள் போய்விட்டேன். எத்தனையாவது சுற்று என்று மதினி கேட்டார். முழித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். முழங்கால் வலியோடு எனக்காக நடக்கிறவரைப் பார்க்க மனசு கேட்கவில்லை. இந்தப் படிப்புக்குப் பிரமோஷனே கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ எதுக்குட்டி படிக்கே?"

"அழகா இருக்கு மதினி. அதான்."

நின்றுவிட்டார். வீட்டில் எனக்கிருந்த ஒரே ஆதரவும் போச்சு என்று பயந்தேன். கூடவே கோபமும் வந்தது. கவிதை எழுதினால் எந்தப் பத்திரிகைக்கு என்கிறார்கள். கணக்குப் போட்டால் எந்த வேலைக்கு என்கிறார்கள். மல்லிகையை முகர்ந்து பார்க்க யாராவது காரணம் கேட்கிறார்களா?

மதினியை மெல்ல நடக்கவைத்து, நடந்துகொண்டே சொன்னேன். பகா எண்கள் இவ்வளவுதான், முடிந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பெருக்குங்கள். ஒன்றைக் கூட்டுங்கள். வந்த எண்ணை அவற்றில் எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். அப்படியானால் நம் கையில் இல்லாத இன்னொரு பகா எண் எங்கோ இருந்தே ஆகவேண்டும். முடிவே கிடையாது! கடைசி வரியில் ஒரே சொல் விழுந்து கவிதை மொத்தமும் நிமிருமே — அந்த 'ஒன்று' அப்படி.

மதினி விரல்களை மடக்கி மடக்கி எண்ணியபடி ஒரு சுற்று நடந்தார். பிறகு, ஒன்றே ஒன்றைக் கூட்டினால் போதுமா என்று கேட்டார். மறுபடி சொல்லச் சொன்னார். அதற்கப்புறம் எத்தனை சுற்று சுற்றினோம் என்பது இருவருக்குமே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். பிரமோஷன் இல்லாத பரீட்சைக்கு எதற்கு லீவு போட வேண்டும், பேசாமல் விட்டுவிடு என்றார் வீட்டுக்காரர். முடியாது என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார்.

"ஏலே, அவ எழுதுவா," என்றார் மதினி. "நாளைக்கு நாங்க திரும்பவும் சுத்தப் போறோம். வேண்டுதல்லாம் ஒண்ணும் கிடையாது... சும்மா."