உப்பிய கெப்பாசிட்டரும் ஹெலனின் ஊசியும்

புதுப்பட்டினம் மார்க்கெட் தெருவில் ஹெலனின் எம்ப்ராய்டரி கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மெஷின் போடுகிற சத்தம் மீன்கடை வரைக்கும் கேட்கும். அதை வைத்தே ஆட்கள் வந்துவிடுவார்கள். ஏற்றுமதிக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள், கம்பெனியை மூடியபோது அங்கே கிடந்த எம்ப்ராய்டரி மெஷினையும் அதை ஓட்டும் கம்ப்யூட்டரையும் வாங்கி, புருஷன் கலைவாணனின் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து ஊரில் அவள் பெயர் கம்ப்யூட்டர் ஹெலன்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் போன வாரம் காலை வாரியது. லோகநாயகி மகள் சிநேகாவின் கல்யாண பிளவுஸ். முதுகில் மயில். மயிலின் கழுத்து வரைக்கும் நூல் ஏறியிருந்தது, திரை நீலமாகி எல்லாம் நின்றுபோனது. மறுபடி போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், தானாக அணையும்.

பக்கத்துக் கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு பூட்ச்சுக்கா. புதுசு வாங்கிக்கோ" என்றார்.

புதுசில் வேலைக்காகாது. டிசைன் சாஃப்ட்வேர் திறக்க ஒரு சாவிக்கட்டையை கம்ப்யூட்டரின் பின்னால் அகலமான துளையில் செருகவேண்டும். இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே இல்லை.

ஹெலன் அன்று மாலையே நாத்தனார் ஜெனிட்டாவுக்கு போன் போட்டாள். ஜெனிட்டாவுக்கு கூடுவாஞ்சேரியில் யூபிஎஸ் சர்வீஸ் செய்யும் வேலை.

"போர்டுல குட்டி குட்டி டப்பா மாதிரி கீதே, நாலு தலை உப்பிக்கினு கீது ஜெனி. மேல ஏதோ பழுப்பா பிசின். பல்லி எச்சம்னு தொடச்சேன், போவல."

"பல்லியும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணி. கெப்பாசிட்டர் ஒழுகிப்போச்சு. அது மேல எழுதியிருக்கறத போட்டோ எடுத்து அனுப்பு. அதே அளவு வாங்கினு ஞாயித்துக்கெழமை வரேன். பிளவுஸ ஃபிரேம்லேர்ந்து கழட்டிடாத, இன்னா?"

கழற்றினால் மயில் விலகிப்போகும் என்று ஹெலனுக்கா தெரியாது! மெஷின் மேல் ஒரு வேட்டியைப் போர்த்தி, கலைவாணன் உட்பட யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு போட்டாள். அவன் வீட்டுக்குள் ஒதுங்கி ஒதுங்கி நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணியும் நாத்தனாரும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுவது என்று முடிவு. கெப்பாசிட்டரின் மேல் இருக்கும் வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதற்கு, போர்டில் மிச்சம் இருப்பவை சாட்சி.

"திருப்பிப் போட்டா இன்னா ஆவும்?"

"வெடிக்கும்."

ஹெலன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

பழசு சுலபமாக வந்தது. ஆனால் அது இருந்த ஓட்டைகளை ஈயம் அடைத்துக்கொண்டது. ஜெனிட்டா பற்றவைக்கும் சூட்டுக்கோலால் சூடு காட்டக் காட்ட, ஈயம் இளகும், அடுத்த நொடி இறுகும். புதுசின் கால் உள்ளே போவதாயில்லை. இன்னும் சூடு வைத்தால் போர்டே கருகும் என்று கையை எடுத்துவிட்டாள்.

"இந்தா, நகரு" என்ற ஹெலன், எம்ப்ராய்டரி ஊசி ஒன்றை எடுத்தாள். "நீ கீழேர்ந்து சூடு வை. ஒழுகறப்ப சொல்லு."

"இப்ப!"

ஊசியை ஓட்டையில் விட்டு ஒரு சுழற்று. ஈயம் விலகி வெளிச்சம் தெரிந்தது.

"அண்ணி, செம!"

அதற்கப்புறம் நாலும் மளமளவென்று முடிந்தன. ஆனால் சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. சிநேகாவின் அம்மாவிடம் என்ன சொல்வது? ஜெனிட்டா மெமரி பட்டையைக் கழற்றி, அதன் விளிம்பை ரப்பரால் தேய்த்து, அழுத்திச் செருகினாள். 'பீப்' என்றது, திரையில் வெளிச்சம் வந்தது. ஹெலன் கைதட்டிய சத்தத்தில் கலைவாணன் வேட்டி விஷயத்தில் என்ன தப்பு செய்தோமோ என்று ஓடிவந்தான்.

விட்ட தையலிலிருந்தே மயில் தொடர்ந்தது. கழுத்தோரம் ஒரு நூல் அளவு விலகல் இருந்ததை, அதே நிறத்தில் கையால் ரெண்டு தையல் போட்டு மறைத்தாள். லோகநாயகி பிளவுஸை விரித்துப் பார்த்து, "வாலு இன்னும் கொஞ்சம் நீளமா வெச்சிருக்கலாம்ல?" என்றதோடு சரி.

மறுநாள், கம்ப்யூட்டரை ரிப்பேர் செய்த சேதி கேட்டு, மீன்கடை தனகோடி ஓடாத டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"நான் பூ போடறவ அண்ணாத்த," என்றாள் ஹெலன். பிறகு, டிவியின் முதுகை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, வெச்சிட்டுப் போ. ஞாயித்துக்கெழமை ஜெனி வருவா."