பௌர்ணமிக்குத் தண்ணீர் கொடுத்த பாவம்

பிள்ளைகளே, கிரிவலம் போகிறவர்களுக்கு நம் வாசலில் தண்ணீர்க் குடம் வைப்பது பாவமா என்று எங்கள் அன்பியக் கூட்டம் ஒரு மாலை முழுக்க ஆராய்ந்தது. தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டம் அது. தாகத்துக்கும் மதம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அது அவங்க சாமிக்கு நாம ஒத்தாசை பண்ற மாதிரி ஆயிடுங்க,” என்றார் தலைவர். பௌர்ணமிதோறும் அவருடைய காலி மனைதான் கிரிவலக்காரர்களுக்கு வண்டி ஸ்டாண்டு. அந்த வண்டிகளெல்லாம் ஞானஸ்நானம் பெற்றவை போலும்.

“அப்ப தண்ணி மோந்து குடுக்கறதுக்கு முன்னாடி ஞானஸ்நான சர்டிபிகேட் கேக்கணுங்களா?” என்றாள் உங்கள் அம்மா.

“பங்குச் சாமியார்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா,” என்றார் அவர்.

பதில் வருவதற்குள் பௌர்ணமி வந்துவிட்டது. பகலிலேயே குடத்தை வைத்துவிட்டோம். முதலில் குடித்தவர் சொம்பைத் திருப்பித் தந்து, “அண்ணாமலையாருக்கு அரோகரா,” என்றார். நம்மவர்கள் “இயேசுவுக்கே புகழ்” என்றால் உடனே பதில் சொல்லிப் பழகிய என் வாய், யாரையும் கேட்காமல் “மரியே வாழ்க” என்றது.

உங்கள் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவர் முகம் மாறவேயில்லை. “நல்லா வாழட்டுங்க. இன்னொரு சொம்பு ஊத்துங்க, வெயில் ஜாஸ்தி,” என்றார்.

ஊற்றினேன்.