யூனிஸ் மறுத்த தண்ணீர்

காக்ஸ் டவுனில் யூனிஸைத் தெரியாதவர்கள் குறைவு; அவரோடு பேசுகிறவர்கள் அதைவிடக் குறைவு. வயது அறுபத்தேழு. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் லேபிள் பரிசோதகராக இருந்தவர். எங்கே தயாரித்தது, எப்போது, என்ன அளவு என்று பார்ப்பார். ஓர் எழுத்து பிசகினாலும் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி. குறி விழுந்த பெட்டி கேட்டைத் தாண்டாது. ஏன் போட்டாய் என்று மேலாளர்கூடக் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. காஸாவில் குண்டுகள் விழத் தொடங்கிய ஆண்டில், பாலஸ்தீன நிலத்தைப் பறித்தவர்களோடு சேர்ந்து சம்பாதிக்கும் நிறுவனங்கள் எவையென்று தேடிப் படித்தார். அவற்றின் பொருள்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். முதலில் சோப்பு, பிறகு குளிர்பானம், பேரீச்சம்பழம். கடைசியில் காப்பித்தூள்.

காப்பித்தூளில்தான் வினை வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை வளாகத்தில் எல்லாருக்கும் காப்பி கொடுப்பார்கள். அது அந்தத் தூள்தான். யூனிஸ் வேண்டாம் என்றார். ஏன் என்பதை மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்தும் சொன்னார். சபைக்குள் அரசியல் வேண்டாம் என்று தலைவி உட்காரச் சொன்னார். அந்நியத் துணியை எரித்த கதையை ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்துத் தேறியவர்கள்தான் அங்கே இருந்த அத்தனை பேரும். டிசம்பர் வந்தால் வீடு வீடாகப் போய் பெத்லகேமைப் பாடுகிறவர்கள். அந்த ஊரில் இன்று யார் வசிக்கிறார்கள், ஒரு சோதனைச் சாவடியைத் தாண்ட அவர்கள் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"யூனிஸக்கா காப்பிய வுட்டதும் அங்க சண்ட நின்னு போச்சாம், நியூஸ்ல வந்துச்சு" என்றாள் சங்கத்து உறுப்பினர் பிரபா. எல்லாரும் சிரித்தார்கள்.

சபையில் அவர் விட்டது ஒரு பொருளைத்தான். ஆனால் அந்தப் பொருளைச் சுற்றித்தான் மனிதர்கள் நின்று பேசுகிறார்கள். ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகத் தொடங்கினார் யூனிஸ். மூன்று மாதத்தில் தொலைபேசி மணி அடிப்பதும் குறைந்தது.

மிச்சமிருந்தது ஓர் உறவு. இறந்துபோன அண்ணன் ஜெயராஜின் மகன் கிளிஃபர்ட். நகரின் மறுகோடியில், பொம்மனஹள்ளியில் குடியிருந்தாலும் ஞாயிறு தோறும் இதே சபைக்கு வருவான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து நோரா என்று பெயர் வைத்தபோது, ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தாய் அத்தைதான் என்றான். யூனிஸ் வெள்ளைப் பட்டில் குழந்தைக்குக் கவுன் தைத்தார். தையல் பிடிக்காமல் இரண்டு முறை பிரித்துத் தைத்தார்.

அந்தச் சபையில் ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது ஞானத்தாயின் வேலை. கிளிஃபர்ட்டின் மனைவி அன்னாவின் அப்பா புனிதப் பயணம் போய் யோர்தான் நதித் தண்ணீரைப் புட்டியில் வாங்கி வந்திருந்தார். வியாழக்கிழமை அது யூனிஸின் கைக்கு வந்தது. பழக்கம் விடவில்லை, லேபிளைப் படித்தார். பாலஸ்தீனரிடமிருந்து பறித்த நிலத்தில் எழுப்பிய ஒரு குடியிருப்பில் அடைத்தது என்று தெரிந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துப் பெருக்கல் குறி போட்டு மேஜைமேல் வைத்தார். விஷயம் முடிந்துவிட்டதாகவே நினைத்தார். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை கிளிஃபர்ட்டும் அவன் மாமனாரும் வந்தார்கள். குறியைப் பார்த்த மாமனார், புட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"மூணு ஏர்போர்ட்டு தாண்டி மடியில வெச்சி எடுத்தாந்தாரு அத்தை" என்றான் கிளிஃபர்ட். "சிலுவை போட வேண்டிய எடத்துல பெருக்கல் போட்டு வெச்சிருக்கீங்க."

"எங்க அடைச்சிருக்கான்னு படிச்சியா?"

"தண்ணிதான அத்தை."

"அந்த ஆத்தங்கரையில பொறந்தவன அதுல கால் நனைக்க வுடறதில்ல. அத அடைச்சி நமக்கு விக்கிறான். நோரா தலைக்கு அத ஊத்த எனக்குக் கை வராது. வேற எந்தத் தண்ணியா இருந்தாலும் ஊத்தறேன்."

"ஒரே ஒரு நாளைக்குக் கண்ண மூடிக்கக் கூடாதா?"

தன் குறிக்கு விளக்கம் சொல்லி யூனிஸுக்குப் பழக்கமில்லை. முன்பே பேசியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணை மூடிக்கொள்வதற்கும் பழக்கமில்லை. கவுனை மடித்து அவன் கையில் கொடுத்தார். சாயங்காலம் போனில் சொன்னான்: அன்னாவின் தங்கை ஞானத்தாயாக நிற்பாள், அத்தை அவசியம் வர வேண்டும்.

போனார். ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தொட்டிக்குள் விழுந்த யோர்தான் தண்ணீரின் சத்தம் அங்கே கேட்கவில்லை. குழந்தை ஒருமுறை வீரிட்டது. போதகர் சபையைப் பார்த்து, இந்தக் குழந்தைக்குத் துணையாக நிற்பீர்களா என்று கேட்டார். எல்லாரும் எழுந்து, "நிற்போம்" என்றார்கள். முட்டி வலியால் யூனிஸ் எழச் சற்று நேரமாயிற்று. அவருடைய "நிற்போம்" மட்டும் பிந்தி, தனியாகக் கேட்டது.

அன்னா நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, குழந்தையின் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.