‘ஊறல்’ படம் பார்க்கப் பேரணாம்பட்டு போனது

சென்ற பங்குனியில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரே ஒரு படம் பார்ப்பதற்காகச் சென்னையிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் போய் வந்தேன். நம் திரைப்பட வட்டத்து நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து, “எப்படிப் போனாய்? எங்கே தங்கினாய்? அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கத் தக்க படமா?” என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில்: ஆமாம், போய்ப் பாருங்கள்.

படத்தின் பெயர் ‘ஊறல்’. ஆம்பூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் கரீம் பாய் என்பவர், பெரிய கம்பெனிகள் வேண்டாமென்று கழித்த துண்டு பிலிமை வாங்கிச் சேர்த்து எடுத்த படம். நட்சத்திரம் இல்லை, பாட்டு இல்லை, செட் இல்லை. கணவனை இழந்து தோல் பதனிடும் ஷாப்பில் வேலைக்குப் போகும் ஒருத்தி, ஊர் பார்க்க ஒருவனை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறாள். கதை அவ்வளவுதான். குடியாத்தத்தில் திரையிட்டபோது முதல் நாளே திரையில் கல் விழுந்தது, மறுநாள் படத்தை எடுத்துவிட்டார்கள். உலகத்தில் இருப்பது ஒரே பிரதி. அது வேலூரில் ஒரு விநியோகஸ்தரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் கிளம்பினேன்.

காலைப் பாசஞ்சரில் மூன்றாம் வகுப்பு. காட்பாடி வரை எண்பது மைல், கட்டணம் மூன்று ரூபாய்க்குச் சற்றுக் கூட. அரக்கோணத்துக்குப் பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. அதுவும் ஒரு மூட்டையின் மேல். மூட்டைக்காரர் சோளிங்கருக்குப் போகிறவர், இறங்கும்போது மூட்டையையும் கொண்டுபோய்விட்டார். காட்பாடியிலிருந்து வேலூருக்குப் பாலாற்றைத் தாண்டி பஸ். ஆறு என்று சொல்கிறார்களே தவிர, பாலத்தின் மேலிருந்து பார்த்தால் கண்ணைக் கூசவைக்கும் மணல்தான்.

விநியோகஸ்தரின் மானேஜர் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். படப்பெட்டி அங்கே இல்லை. ஆம்பூருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

“படம் நல்லாத்தான் இருக்குது சார். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா கடைசியில அந்தப் பொம்பள சாகணும். செத்தா பத்து ஊர்ல போடறேன்னு முதலாளி சொல்லிட்டாரு. பாலாத்துல குதிக்கறாப்பல ஒரு சீன் எடுத்துக் குடுங்கன்னு பாய்கிட்ட சொல்லி அனுப்பிச்சிருக்கோம்.”

“பாலாற்றில் தண்ணீரே இல்லையே?”

“கெணத்துல குதிக்கட்டும் சார். எதுல குதிச்சா இன்னா?”

வேலூரிலிருந்து ஆம்பூருக்கு முப்பது மைல் சொச்சம். பஸ்ஸில் முக்கால்வாசி தூரம் நின்றுகொண்டே போனேன். கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்துவிட்டது. ஊர் வருவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். பச்சைத்தோலும் சுண்ணாம்பும் பதனிடப் போடும் ஆவாரம்பட்டையும் கலந்த அந்த வாடை முதல் ஒரு மணி நேரம் மூக்கைப் பொத்தவைக்கும். பிறகு பழகிவிடும், அல்லது நமக்குத்தான் எதுவும் உறைக்காமல் போய்விடும்.

இறங்கியதும் ஒரு ஜட்காக்காரரிடம் போய், களைப்பில் யோசிக்காமல், “ஊறல் பார்க்க வந்திருக்கிறேன், எங்கே போக வேண்டும்?” என்று கேட்டுவிட்டேன். அவர் குதிரையின் கடிவாளத்தை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஊறலா? இன்னா சார், படிச்சவரு மாதிரி இருக்கறீங்க. பட்டப்பகல்ல வந்து சாராய ஊறல் எங்கன்னு கேக்கறீங்க! மதுவிலக்கு போலீசு நேத்துதான் வந்துட்டுப் போனாங்க. என்னைப் பேஜார் பண்ணாதீங்க.”

“ஐயோ, அதில்லை. ஊறல் என்று ஒரு சினிமா.”

“கரீம் பாய் படமா? அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா! ஏறுங்க.” வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். தோலை ஊறப்போடுவதும் ஊறல்தானாம், ஆனால் சினிமாவுக்கு அந்தப் பேரை வைக்க பாயைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாதாம்.

கரீம் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். ஸ்டூடியோவின் முன்பாதியில் இப்போது சைக்கிள் கடை நடக்கிறது. பின்பாதியில், அரண்மனை வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ வரவழைத்தார். நான் மானேஜர் சொன்னதைச் சொன்னேன்.

“தெரியும் தோஸ்த். நான் அழிச்சு எழுத மாட்டேன்னுதான் இவ்ளோ நாள் இருந்தேன். இப்ப நெலமை வேற. லோகநாயகி இருக்குதே, படத்துல நடிச்ச பொண்ணு, அதோட அண்ணன் வந்து கேக்கறாரு.”

லோகநாயகி குடியாத்தத்தில் கைலி நெய்கிற குடும்பம். நிஜ வாழ்விலும் கணவனை இழந்தவர். பாய் ஒரு கல்யாணத்தில் படம் பிடிக்கப் போன இடத்தில், சமையல்காரருடன் சண்டை போட்டுக்கொண்டிருந்த அவரைப் பார்த்துவிட்டு நடிக்கக் கேட்டாராம். படம் வந்ததும், திரையில் செய்ததை அவர் வீட்டிலும் செய்ததாகவே தெரு பேசியது. தறிக்குப் பாவு நூல் கொடுத்துக்கொண்டிருந்த முதலாளி நிறுத்திவிட்டார். அண்ணன் ஏகாம்பரம் தங்கையை வீட்டை விட்டு வெளியே அனுப்பிவிட்டார். இப்போது லோகநாயகி பேரணாம்பட்டில் ஒரு அறை எடுத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார். படத்தில் அவள் செத்துப்போனதாகக் காட்டிவிட்டால் தெருவின் வாய் அடங்கிவிடும், தங்கையை வீட்டுக்குத் திரும்ப அழைத்துக்கொள்கிறேன் என்று ஏகாம்பரம் பாயிடம் சொல்லியிருக்கிறார்.

“லோகநாயகி சம்மதம்னு சொன்னா எடுத்துர வேண்டியதுதான். படம் ஜாஸ்தியா, பொண்ணோட வாழ்க்கை ஜாஸ்தியா?” என்றார் பாய். “ஆனா ஒண்ணு. அது இன்னும் படத்தை முழுசாப் பாக்கல. கல்லு வுழுந்தப்ப கடைசி ரீலுக்கு முன்னாடியே பின்பக்கமாக் கூட்டினு போய்ட்டோம். பாத்துட்டுச் சொல்லட்டும்னு நாளைக்கிப் பேரணாம்பட்டுல போடறேன். நீங்களும் வாங்க.”

ஆம்பூரில் தங்க ரயிலடிக்கு எதிரே சிறு விடுதிகள் இருக்கின்றன. மூட்டைப்பூச்சி உண்டு, எதிர்பார்த்துக்கொண்டு போங்கள்.

மறுநாள் காலை பாயும் நானும் பெட்டியோடு பஸ் ஏறினோம். பன்னிரண்டு மைல்தான், ஆனால் மலையடிவாரத்து ரோட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குலுக்கிவிட்டது. பேரணாம்பட்டுக் கொட்டகை செங்கல் சுவர், தகரக் கூரை. மதிய ஆட்டத்துக்கு முன் காலையில் மட்டும் பாயின் நட்புக்காகத் திறந்துவிடுகிறார்கள். பத்து மணிக்கே உள்ளே அடுப்புபோல் இருந்தது.

லோகநாயகி முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். விரல் நுனிகள் புகையிலையால் பழுத்திருந்தன. இரண்டு பெஞ்சு தள்ளி ஏகாம்பரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நாங்கள் நால்வர்தான் கூட்டம்.

படத்தில் குறைகள் நிறைய. சில இடங்களில் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. துண்டு பிலிம் என்பதால் ஒரே காட்சியில் வெயில் வெளுக்கிறது, கறுக்கிறது. ஆனால் முதல் சில நிமிடங்களிலேயே என் முதுகு நிமிர்ந்துவிட்டது. அவள் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலைத் தூக்கிப் போடுகிறாள். இசை கிடையாது, தோல் தரையில் விழும் சத்தம் மட்டும். ஆவாரம்பட்டை ஏற்றி வருகிற வண்டிக்காரன் ஒருநாள் அவள் வீட்டுக்கு வருகிறான். நம் படங்களில் இந்த இடத்தில் இரண்டு பூக்களைக் காட்டுவார்கள். இங்கே அவள் இரண்டு தட்டில் களி போடுகிறாள். அவனுக்கு எதிரே உட்கார்ந்து, பசியோடு, அவன் கை வைப்பதற்கு முன் சாப்பிடத் தொடங்குகிறாள். அவ்வளவுதான். குடியாத்தத்தில் கல் விழுந்தது இந்த இடத்தில்தான் என்று பாய் என் காதில் சொன்னார்.

கடைசி ரீல். விடிந்து, தெருவில் ஆட்கள் நிற்கிறார்கள். அவள் வெளியே வந்து கதவைப் பூட்டுகிறாள். அவர்களுக்கு நடுவே நடக்கிறாள். காமிரா அவளுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. தோல் ஷாப் வாசலில் பெண்கள் குழாயடியில் கை கழுவுகிறார்கள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒருத்தி மட்டும், பேசாமல், கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறாள். அவள் குனிந்து கையை நீட்டுகிறாள். படம் முடிகிறது.

விளக்குப் போட்டார்கள். தகரம் வெயிலில் படபடவென்று வெடித்தது. லோகநாயகி எழுந்திருக்கவில்லை.

“பாய், கொழாயாண்ட ஒருத்தி நகந்து எடம் வுட்டாளே, அது யாரு?”

“அங்க வேல செய்ற பொம்பளம்மா. பேரு கூடத் தெரியாது.”

“நீ சொல்லிக் குடுத்தியா?”

“இல்லம்மா. திரும்பிப் பாக்காதீங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். அவளா நகந்தா. நான் அப்படியே வுட்டுட்டேன்.”

ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்தார்.

“இன்னா லோகா, எப்ப வெச்சிக்கலாம்? பாய் ஒரு நாள்ல எடுத்துருவாராம்.”

“எடுக்க வேணாம்ண்ணா.”

“வேணாமா? வூட்டுக்கு வர வேணாமா உனுக்கு?”

“வரணும்னுதான் இருந்தேன். நேத்து ராத்திரி கூட வரணும்னுதான் இருந்தேன். அவ நகந்து எடம் குடுத்தப்புறம் நான் எப்படிண்ணா சாவறது?”

“படத்துலதானடி!”

“நானும் படத்துலதான் சொல்றேன்.”

பாய் ரீல்களை எடுக்க மேலே போனார். படியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அழுதாரா, அசதியா என்று தெரியவில்லை. இறங்கி வந்ததும், “மானேஜருக்கு நான் சொல்லிக்கிறேன். நீ போய்ச் சாப்புடும்மா,” என்றார். லோகநாயகி எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அண்ணனைப் பார்த்து, “வெயில் தாழப் போண்ணா,” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

நான் குடியாத்தம் போய் ரயில் பிடிக்க நினைத்தேன். அதே பஸ்ஸில் ஏகாம்பரமும் ஏறி என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வேறு இடம் இல்லை. பாதி வழி வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கேட்டார்.

“நல்லாத்தான் செஞ்சிருக்குது, இல்ல சார்?”

“ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறார். நீங்கள் இதற்கு முன்னால் பார்த்ததில்லையா?”

“இல்ல சார். அப்பிடி இப்பிடின்னு வந்து சொன்னாங்க. கேட்டுக்கினேன்.”

“இப்போதுதான் பார்த்துவிட்டீர்களே. அப்படியே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?”

அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “நான் பாத்துட்டேன் சார். வூட்ல இருக்கறவங்க பாக்கலியே.”

குடியாத்தத்தில் இறங்கும்போது, வீட்டுப் பெண்களை உட்கார வைத்துக் காலையில் படம் போடுவார்களா என்று கேட்டார். பாயிடம் கேளுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டுத் தெருவுக்குள் போனார். ரயில் வர நேரமானது. சென்னை வந்து சேர்ந்தபோது குடிக்கக்கூடத் தண்ணீர் கேட்கத் தெம்பில்லை. இதை எழுதும்போதும் முதுகு வலிக்கிறது.

விலை குறைந்த, கரடுமுரடான படங்களை நான் பரிந்துரைக்கும்போதெல்லாம், “ஒலி சரியில்லை, விளக்கு சரியில்லை” என்று சொல்லும் நண்பர்களுக்கு: இதிலும் சரியில்லை. ஆனால் ஒரு கதாநாயகி உயிரோடு இருப்பதற்கு எத்தனை பேர் எதை இழக்க வேண்டியிருக்கிறது என்பதை நான் வேறு எந்தக் கொட்டகையிலும் இப்படிப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

போகிறவர்கள் வேலூரில் அலைய வேண்டாம். பெட்டி இனி பாயிடமேதான் இருக்கும். நேரே ஆம்பூர் ரயிலில் போய், ஸ்டூடியோவில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கோடை வேண்டாம், ஐப்பசிக்குப் பிறகு போங்கள். பேரணாம்பட்டுக் கொட்டகையில் காலை ஆட்டம்தான், குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். இரண்டு மூன்று பேர் போனாலும் போடுவார். ஆனால் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் மனைவி, அக்கா, தங்கை யார் இருந்தாலும் கூட்டிக்கொண்டு போங்கள். கொட்டகையில் பெண்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் லோகநாயகி பீடித்தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து அவர்களோடு உட்காருவதாகச் சொன்னாரென்று பாய் எழுதியிருக்கிறார்.