செருப்போடு கம்பெனிக்குள் போனேன்

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் நீட்டியிருக்கும் நூல் பிசிறு வெட்டும் வேலை பார்க்கிறேன். துணி அழுக்காகும் என்று அங்கே எல்லோரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும்.

எங்கள் ஊருக்கு வந்த இலவச முகாமில் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து, எனக்குச் சர்க்கரை வியாதி என்றார்கள். வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையும் ஒழுங்காகப் போடவில்லை.

போன வருடம் ஒருநாள், தரையில் விழுந்திருந்த வெள்ளைப் பனியனில் ரத்தக்கறை. "யாருங்க கையை வெட்டிக்கிட்டது?" என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். எல்லோரும் கையைக் காட்டினோம். பக்கத்தில் இருந்த சரசு, "ஐயோ பெரியம்மா, உங்க காலைப் பாருங்க!" என்று அலறினாள். உள்ளங்காலில் உடைந்த தையல் ஊசி ஏறியிருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை.

"சர்க்கரையால கால் மரத்துப்போச்சும்மா. கவனிக்காம விட்டிருந்தா காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும். இனிமே வெறுங்காலோட நடக்காதீங்க" என்றார் ஆஸ்பத்திரியில் ஊசியை எடுத்த டாக்டரம்மா.

புண் ஆறியதும் செருப்போடு உள்ளே போனேன். "ஏனுங்க பெரியம்மா, துணி அழுக்காகாதுங்களா?" என்றார் சூப்பர்வைசர். நான் அதிர்ந்து பேசாதவள். அன்று, "துணி அழுக்கானா தொவச்சுக்கலாமுங்க. என்ற காலு போனா நீங்க தெச்சுக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

இப்போது உள்ளே போடவென்றே தனிச் செருப்பு வைத்திருக்கிறேன். தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். மாத்திரையை எல்லோருக்கும் முன்னால்தான் போடுகிறேன்; எதற்கென்று கேட்டால் சர்க்கரைக்கு என்று சத்தமாகவே சொல்கிறேன். "சக்கரைன்னு மெதுவாச் சொல்லுங்க பெரியம்மா" என்றாள் சரசு. மறுபடி முகாம் வந்தபோது அவளைத்தான் முதலில் சோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.