அண்ணனுக்குக் கொடுத்த கசப்பிலை

விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷமாக ஊசி பிடிக்கிறேன். சோதனைக்கு முந்தின நாள் மட்டும் வாயைக் கட்டிவிட்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "டாக்டர ஏமாத்தலாம், உடம்ப ஏமாத்த முடியுமா?" என்று தினம் நாலு பேரிடமாவது எரிந்து விழுவேன். அப்படிப்பட்ட நான்தான் ஏமாந்தேன்.

திண்டிவனத்திலிருக்கும் என் அண்ணனுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. நைஜீரியாவில் வேலை பார்த்தபோது, அங்குள்ளவர்கள் சர்க்கரைக்கு ஒரு கசப்பிலையைக் கசக்கிச் சாறு குடிப்பதைப் பார்த்திருக்கிறார். அதே செடி இங்கே ஒரு நர்சரியில் கிடைத்ததும் மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"மாத்திரைய நிறுத்திட்டு மூணு மாசம் இத மட்டும் குடிச்சிப் பாக்கறேன். நீயே டெஸ்ட் பண்ணி எழுதும்மா."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். டாக்டரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எனக்கும் ஆசை விடவில்லை. புது நோட்டு வாங்கினேன்.

ஞாயிறுதோறும் காலையில் பஸ் ஏறிப் போய் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தேன். வாரத்துக்கு வாரம் எண் இறங்கியது. கூடத்தில் நான் பீற்றிக்கொள்ளாத ஆளில்லை.

மூன்றாவது மாதம் அவர் கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்த புண் ஆறவே இல்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையைச் செய்தேன். மெஷின்தான் பழுதோ என்று இன்னொரு முறையும் போட்டேன். இரண்டு முறையும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

ஓடிப்போய் அண்ணியைக் கேட்டேன்.

"சனிக்கிழமையானா மத்தியானத்துக்கு மேல ஒண்ணும் தொடமாட்டாரு. ஏரிக்கரையில நடந்துக்கினே இருப்பாரு. மத்த நாளெல்லாம் பரோட்டாதான்."

அண்ணனிடம் கத்தினேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

"கொறஞ்சிருக்குன்னு சந்தோசமா எழுதிக்கினு இருந்த. ஏறிச்சின்னா உன் மூஞ்சி வாடிப்பூடுமேன்னுதான்."

அவரை அடிப்பதா, என்னை அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மாத்திரையை நிறுத்தச் சம்மதித்தவள் நான்தானே.

ஆஸ்பத்திரியில் அந்தக் கால் விரலை எடுத்துவிட்டார்கள். இப்போது மாத்திரையோடு இன்சுலின் ஊசியும். நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

"அப்போ அந்த எல வேலை செஞ்சுதா, இல்லியா?"

மூன்று மாத எண்களும் என் பையிலேயே, என் கையெழுத்தில், கோடு போட்டு அழகாக இருந்தன.

"தெரியலண்ணா" என்றேன்.