முனியாண்டியின் இரண்டாவது டியூப்

அன்றைக்குக் கோலா சிலாங்கூர் கிளினிக்கில் இருந்தவர்கள் நான்கு பேர்: நர்ஸ் கமலா, லோரி டிரைவர் முனியாண்டி, அவர் மனைவி சாந்தி, ரத்த டியூப்களை லேபுக்கு அனுப்பும் டிஸ்பேட்ச் வேலை பார்த்த நான். ஊசி முனியாண்டிக்கு. பயம் எனக்கு.

முனியாண்டியின் தம்பிக்கு முப்பத்தாறு வயதிலேயே இரண்டு கிட்னியிலும் கட்டி. ஜீன் டெஸ்ட் எடுத்ததில், கட்டி வளராமல் அடக்கி வைக்கிற ஒரு ஜீன் அவருக்குப் பிறப்பிலேயே பழுது என்று தெரிந்தது.

"அண்ணனுக்கும் இருக்கலாம். இருந்தா வருசா வருசம் ஸ்கேன் எடுத்து, சின்னதுலயே பிடிச்சு கிட்னியைக் காப்பாத்தலாம். இல்லன்னா இந்தக் கவலையே வேணாம்" என்றார் கமலா. ஃபார்ம் த்ரீயோடு பள்ளிப் படிப்பை நிறுத்திய எனக்கே புரிந்தது.

"இன்னிக்கு ஒரு குத்துதான். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் காப்புக் கட்டுறேன். அப்புறம் தீ மிதிக்கிற வரைக்கும் ஊசி படக்கூடாது" என்றார் முனியாண்டி.

"அதுக்கப்புறம் இவரு வரவே மாட்டாரு. ஒரு வருசமா இழுத்து இன்னிக்குத்தான் மாட்டுனாரு" என்றார் சாந்தி.

ரத்தத்தைத் துண்டில் சுற்றி, ஒரே ஒரு ஐஸ் பேக் வைத்து கே.எல். லேபுக்கு அனுப்ப வேண்டும். அதுதான் ரூல். வெயிலைப் பார்த்ததும் ரத்தம் கெட்டுவிடுமோ என்று பயந்தேன். துண்டை எடுத்துவிட்டு, ஃப்ரீசரில் கல்லாகிக் கிடந்த நான்கு ஐஸ் பேக்கை டியூப்போடு ஒட்டி அடுக்கினேன்.

மறுநாள் மூன்று மணிக்கு லேபிலிருந்து போன். "அங்கிள், ஐஸ்கிரீமா அனுப்புனீங்க? ரத்தம் உறைஞ்சு டியூப் விரிசல் விட்டுருச்சு. ரிஜெக்ட் லா."

கமலாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் கோயிலுக்கு விரைந்தேன். முனியாண்டி மஞ்சள் வேட்டியில் நின்றார்.

"தப்பு என்னோடது தம்பி. பயத்துல ஐஸ அதிகமா வச்சிட்டேன். இன்னொரு தடவை ரத்தம் வேணும்" என்றேன்.

"என் ரத்தம் என்னா மீனாண்ணே, ஐஸ் போட்டு அனுப்ப?" என்று கத்தினார்.

சாந்தி குறுக்கிட்டார். "நெருப்புல நடக்கப் போறவரு, ஊசிக்கு இந்தக் கத்தலா? உக்காருங்க."

கூட்டம் சிரித்தது. பூசாரி, "இன்னும் காப்புக் கட்டலப்பா, குத்திக்க" என்றார். முனியாண்டி முறைத்துக்கொண்டே கையை நீட்டினார்.

இந்த முறை ஒரே ஐஸ் பேக்கோடு போன டியூபின் ரிசல்ட் வந்தது: அவருக்கும் அதே ஜீன் பழுதுதான். ஸ்கேனில் பட்டாணி அளவு கட்டி ஒன்று தெரிந்தது. இப்போதைக்கு வெட்ட வேண்டாம், வளர்கிறதா என்று பார்ப்போம் என்றார் டாக்டர்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தப்புச் செய்தால் நேரம் இருக்கும்போதே நேரில் போய்ச் சொல்லுங்கள். திட்டு விழும், ஆனால் ஊசிக்குக் கையைக் கொடுப்பார்கள்.

ஸ்கேன் முடிந்த அன்று முனியாண்டி என் தோளைத் தட்டினார். "வருசத்துல ஒரு நாள், ஸ்கேன் அன்னிக்கு மட்டும் பயந்தா போதுமாம்ணே. மிச்ச நாளெல்லாம் லோரி ஓட்டலாமாம். நீங்களும் பழகுங்க."

பழகிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு என் பயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு.